இடித்துப் பார்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் உள்ள சிரமத்தை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் "வீட்டை இடித்துப் பார்" என்று ஒருவரும் சொல்லவில்லை. இடிப்பதில் என்ன சிரமம் இருக்கிறது என்று எண்ணினார்களோ, அல்லது இடிக்க வேண்டிய அவசியமே வராது என்று எண்ணினார்களோ, நாம் அறியோம். எப்படியிருந்தாலும் அந்த மூன்றாவது பழமொழி இல்லாத குறை இப்போது நன்றாகத் தெரிகிறது.

கடலூரில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் ஆகிய இடங்களிலும், சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் சுற்றியும் பழைய வீடுகள் இன்னும் பல இருக்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசையாக அமைந்த வீடுகள். பாட்டனார் கட்டியது, தகப்பனார் வெள்ளையடித்தது, பிள்ளை இப்போது "ரிப்பேர்" செய்யப் புறப்பட்டிருக்கிறார். கட்டுவதற்குக் கொத்தனார் வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். இடிப்பதற்கு மட்டும் ஒரு கடப்பாறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்பது பொதுவான அபிப்பிராயமாக இருக்கிறது.

இந்த அபிப்பிராயத்தில் பாதியை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். படித்தவர்கள் கை அழுக்காகும்படி வேலை செய்வது நல்லது. பாடப் புத்தகத்தில் நெம்புகோலைப் பற்றிப் படிக்கும் பையன் கடப்பாறையை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பாடம் அவனுக்கு மறக்காது. கூலி மிச்சமாவது தனி லாபம். பாதி அபிப்பிராயத்தை நாம் ஏன் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

இடிப்பதில் பலவிதம் உண்டு. அதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் அருகே, செயிண்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையில் உள்ள கிராமங்களும் அந்த விலையில் சேர்ந்தவை என்பது ஒப்பந்தம். 1746 முதல் 1752 வரையில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு அதுவே தலைமை ஸ்தானமாக இருந்தது. 1758-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். பிடித்தவுடன் இடித்துத் தள்ளினார். மூன்று வருஷம் கூட நிறையவில்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துப் பதிலுக்கு அதைத் தரைமட்டமாக்கினார்கள். இது ஒரு விதமான இடிப்பு. அதற்கு வேண்டியதெல்லாம் கோபமும் வெடிமருந்தும். இடித்த இடத்தில் மறுநாள் குடியிருக்க வேண்டும் என்ற கவலை லாலிக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

இரண்டாவது விதம் ஒன்று உண்டு. அதே கடலூர்ப் பக்கத்தில் நடந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. பல்லவ அரசன் பாடலிபுத்திரம் என்னும் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தச் சாமான்களைக் கொண்டு போய்த் திருவதிகையில் குணதரவீச்சரம் என்ற கோயிலை எழுப்பினானாம். அந்த அரசன் மகேந்திரவர்மன் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். மத விவகாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கட்டட விவகாரத்தை மட்டும் கவனிப்போம். இடித்த சாமான் இன்னொரு கட்டடத்துக்கு உதவ வேண்டுமானால் அதைக் கண்டபடி நொறுக்கியிருக்க முடியாது. இதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் அந்தக் கோயில் செய்யப்பட்டதாகப் பெருமை பேசப்படுகிறது. அவன் வேண்டாமென்ற அந்த நான்கு சாமான்களால் ஆனவைதாம் நம்முடைய பழைய வீடுகள் என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது விதம் நம்முடைய சுதந்திரப் போராட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மவுண்ட் ரோடில் நின்ற நீல் துரையின் சிலையை அகற்ற வேண்டுமென்று 1927-ஆம் வருஷத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிலையின் மேல் சம்மட்டி அடியும் விழுந்தது. ஆனால் கடைசியில் நடந்தது என்ன? 1937-ஆம் வருஷத்தில் ராஜாஜியின் மந்திரிசபை அந்தச் சிலையை நொறுக்காமல் பெயர்த்தெடுத்து மியூசியத்தில் கொண்டு போய் வைத்தது. வேண்டாத பொருளைக்கூட உடைக்காமல் அகற்றலாம் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி.

உடைத்தல், மறுபடி உபயோகித்தல், பெயர்த்தெடுத்தல் என்று இப்படி மூன்று வழிகள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை கடப்பாறைக்காரர் பெரும்பாலும் முதல் வழியையே மேற்கொள்கிறார். அவர் லாலியின் சிஷ்யர் என்பது அவருக்கே தெரியாது.

புதுப்பாளையத்தில் நம் நண்பர் ஒருவர் இருக்கிறார். கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டால் கூடம் விசாலமாகும் என்று அவர் தீர்மானித்தார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தான். சம்மட்டி வாங்கியாகிவிட்டது. வேலை தொடங்குவதற்கு முன், பிற்பாடு பூச்சு வேலைக்கு வர வேண்டிய வயதான மேஸ்திரியைக் கூப்பிட்டு நாள் கேட்டார். மேஸ்திரி நாள் சொல்லவில்லை. ஏணியை வாங்கிப் பரண்மேல் ஏறினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சுவத்தை எடுக்கணும்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லவில்லை, மேஸ்திரி. நடுவில் சும்மா நிற்கிறதே என்று பார்த்தேன்."

"சும்மா நிக்கலைங்க ஐயா. தூக்கிக்கிட்டு நிக்குது. தம்பியை மேல வரச் சொல்லுங்க, காட்டறேன்."

பிள்ளை ஏறிப் பார்த்தான். கூடத்து உத்தரத்தின் ஒரு முனை அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அந்த உத்தரத்தின் மேல் மச்சுக் கட்டைகள் வரிசையாக இருந்தன. கட்டைகளின் மேல் மெத்தை இருந்தது. கீழேயிருந்து பார்த்தபோது பூச்சுக்குள் மறைந்திருந்த விஷயம் மேலேயிருந்து பார்த்தபோது பட்டப்பகலாகத் தெரிந்தது. சம்மட்டி அன்றைக்கு உபயோகப்படவில்லை. பிற்பாடு மேஸ்திரியே முட்டுக்கொடுத்து, மேலே விட்டம் போட்டு, சுவரில் அகலமான ஒரு வாசலைத் திறந்து கொடுத்தார். கூடம் விசாலமாயிற்று, உத்தரமும் இருந்த இடத்தில் இருக்கிறது.

நாம் கணக்குப் பாடம் நடத்துகிறவர்கள். ஆகையால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். பழைய வீட்டுச் சுவர் ஒன்று பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்றரை அடி கனம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 150 கன அடி. செங்கல் கட்டடம் கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும். ஆக, அந்தச் சுவர் மாத்திரம் 7,500 கிலோ. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறையின் மேலுள்ள மெத்தை அரை அடி கனம் என்றால் 60 கன அடி. அதாவது 3,000 கிலோ. தலைக்கு மேல் மூன்று டன்னும் பக்கத்தில் ஏழரை டன்னும் இருக்கும் இடத்தில்தான் நாம் பிள்ளையைச் சம்மட்டியோடு நிறுத்துகிறோம். கணக்குத் தெரிந்தால் கை தானாகவே சற்று நிதானிக்கும்.

மெத்தை எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு நன்றாக அடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நாலு கல்லைப் பெயர்த்தால் மற்றவை பிடிப்பை இழக்கும். மேலே நின்றுகொண்டு பெயர்ப்பவர் கல்லோடு சேர்ந்து கீழே வரக்கூடும். ஆகையால் மெத்தை, உத்தரம், மாடிப்படி, பாரம் தாங்கும் சுவர் ஆகிய நான்கையும் வீட்டுக்காரர் தொடவே கூடாது. இவை தேர்ந்த கொத்தனாரும், அவசியமானால் இஞ்சினீயரும் பார்க்க வேண்டிய வேலை.

ஐந்தாவதாகப் பொதுச் சுவர். சிதம்பரத்துத் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்கிறது. ஒரே சுவரில் நம் வீட்டுக் கட்டை ஒரு பக்கமும் அண்டை வீட்டுக் கட்டை மறு பக்கமும் செருகியிருக்கும். நம் பக்கத்தைக் கலைத்தால் அவர்கள் பக்கமும் அசையும். அண்டை வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி, அவர் வீட்டுக்குள் போய் அந்தச் சுவரின் மறுபுறத்தையும் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பத்து நிமிஷப் பேச்சு பத்து வருஷக் கோர்ட்டு வழக்கை மிச்சப்படுத்தும்.

அப்படியானால் வீட்டுக்காரரும் பிள்ளையும் என்னதான் செய்யலாம்? நிரம்பச் செய்யலாம். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி எடுக்கலாம். அலமாரிப் பலகைகள், கதவுகள், ஜன்னல் கதவுகள் இவற்றைக் கீலிலிருந்து கழற்றலாம். தரையில் பதித்த கற்களை உளியால் நெம்பி முழுசாக எடுக்கலாம். கொல்லைப்புறத்தில் தனியாக நிற்கும் இடுப்பளவுச் சுவரை எடுக்கலாம். மேலிருந்து ஒருவர் கவனமாக எடுத்துக் கொடுத்தால், ஓடுகளைக் கைமாற்றி வாங்கி அடுக்கலாம். செங்கல்லில் ஒட்டிய சாந்தைத் தட்டிச் சுத்தம் செய்யலாம்.

இந்தக் கடைசி வேலைக்கு ஒரு விசேஷம் உண்டு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மிருதுவானது. ஆகவே பழைய சுவரிலிருந்து கல் முழுசாக வரும். லேசாகத் தட்டினால் சாந்து உதிர்ந்துவிடும். சிமெண்டுச் சாந்தில் கட்டிய சுவரை இடித்தால் சாந்து விடாது; கல்தான் உடையும். நம் பாட்டனார் கட்டிய சுவர் இடிபடும்போதுகூட நமக்குச் செங்கல் கொடுத்துவிட்டுப் போகிறது. உப்பு அரித்த கற்களை மட்டும் பொறுக்கித் தள்ளிவிட வேண்டும். கடற்கரை ஊராகிய கடலூரில் அவை கொஞ்சம் அதிகமாகவே அகப்படும்.

வேலையின் கிரமம் ஒன்றே ஒன்றுதான்: கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை. கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். ஓட்டுக் கூரையானால் முகட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக ஓடுகளை இறக்க வேண்டும். ஒரு சரிவை மொட்டையாக்கிவிட்டு மறு சரிவில் பாரத்தை வைத்தால் கூரை ஒரு பக்கமாகத் தள்ளும். பிறகு ரீப்பர், பிறகு கைமரம், பிறகு சுவர், மேல் வரியிலிருந்து வரி வரியாக. அடியில் குடைந்து சுவரைச் சாய்ப்பது வேலையைச் சுருக்கமாக முடிக்கும் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று அது முன்கூட்டி நமக்குச் சொல்வதில்லை. இடித்த மண்ணை மாடியில் குவிப்பதும், பாதி எடுத்த சுவரை முட்டுக்கொடுக்காமல் இரவு முழுதும் நிற்க விடுவதும் அதே ஜாதியைச் சேர்ந்த தவறுகள்.

தொடங்குமுன் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்த வேண்டும். பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் கம்பி எங்கே திரும்புகிறது என்பது போட்டவருக்குத்தான் தெரியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வேலை நடக்கும் பகுதிக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது உத்தமம்.

அடுத்தபடி தூசி. இது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. ஆனால் அதன் வேலை கண்ணுக்குத் தெரியாது. செங்கல், மணல், காரைத் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலில் தங்கி நாளடைவில் நோய் உண்டாக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் மட்டும் போதாது; நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்தால் தூசி அடங்கும். ஆனால் மண் சாந்தில் கட்டிய சுவரை நனைத்து ஊற வைக்கக் கூடாது. அது குழைந்து சரியும். பழைய மரவேலையில் உள்ள பெயிண்டைச் சுரண்டும்போதும் ஜாக்கிரதை வேண்டும். அதில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் செய்யப்பட்டு, 2017 நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

எல்லாவற்றிலும் பொல்லாதது கல்நார்த் தகடு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்த "தானே" புயலை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்னும் பின்னும் ஓடு போன இடங்களில் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகடு ஏறியிருப்பதைப் பார்க்கிறோம். அதன் நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. தகட்டை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து, ஆணியை விடுவித்து, முழுசாக இறக்க வேண்டும். இதையும் வேலை தெரிந்தவரிடமே விடுவது நல்லது.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பெய்யும் மழையை நேயர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் 1870-71-இல் கட்டிய மேரி என்னும் நகரசபைக் கட்டடம், பல வருஷம் பராமரிப்பின்றி நின்று, 2014 நவம்பர் மழையில் விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கூரை கழற்றிய பழைய சுவருக்கு மழை எமன். தை மாதத்துக்குப் பிறகு தொடங்கி, ஆடி போவதற்குள் கூரையை மூடிவிட வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வீட்டுக்காரர் தம் கையால் இடிக்கும்போது தம் உயிரைப் பணயம் வைக்கிறார். அது அவர் இஷ்டம் என்று வாதிக்கலாம். ஆனால் சுவரின் அடியில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஒரு சித்தாள். அந்த அம்மாள் நம் யோசனையைக் கேட்டு அங்கே நிற்கவில்லை. அன்றாடக் கூலிக்கு நிற்கிறாள். "சீக்கிரம் ஆகட்டும்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அவள் தலைமேல் விழக்கூடும். கட்டடம் இடிக்கும்போது கையாள வேண்டிய பாதுகாப்புகளை இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் ஐ.எஸ். 4130 என்ற எண்ணில் தனியாகவே வகுத்திருக்கிறது. மேலே ஆள் வேலை செய்யும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது. தலைக்கவசம், கனமான செருப்பு, கையுறை வேண்டும். தெருப் பக்கம் தடுப்புக் கட்ட வேண்டும். இவற்றில் ஒன்றும் ஒரு ஜன்னல் விலைக்கு மேல் ஆகாது. கூலியில் மிச்சம் பிடிக்கலாம். இவற்றில் பிடிக்கக் கூடாது.

இடித்த மண்ணுக்கும் ஒரு கதி வேண்டும். கலைந்த கட்டடம் நின்ற கட்டடத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். அதை இரவில் வண்டியேற்றிக் கெடிலத்தின் கரையிலோ தெருக் கோடிச் சாக்கடையிலோ கொட்டுவது வழக்கமாகிவிட்டது. கட்டட இடிபாடுகளைத் தெருவிலும் சாக்கடையிலும் கொட்டக் கூடாது, தரம் பிரித்து வைக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்திலேயே மத்திய சர்க்கார் விதி செய்தது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அதற்கு விதி கூட வேண்டியதில்லை. வடிகால் அடைபட்டால் தண்ணீர் எங்கே வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரையும் உடைந்த செங்கல்லும் நம் வீட்டுத் தரைக்கு அடியிலேயே நிரவ உதவும்.

மற்ற தேசத்தார் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? ஜப்பானில் இஸே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். பிரித்த மரம் மற்ற ஆலயங்களுக்குப் போகிறது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரம் 2016-இல் ஒரு சட்டம் செய்தது: 1916-க்குள் கட்டிய வீடுகளை யந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்தெடுக்க வேண்டும் என்று. நம் நாட்டிலேயே, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில், பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டத் தகுந்த இடம்.

வீட்டை மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முற்றத்து மழையில் நனைந்துகொண்டே சமையலறைக்குப் போன நம் தாய்மார்கள், அந்த வீட்டை நாம் புகழ்வதைக் கேட்டால் சிரிப்பார்கள். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், வயதானவர்களுக்குப் பக்கத்திலேயே குளியலறை வேண்டும். இவற்றுக்காக ஒரு சுவர் போகத்தான் வேண்டுமென்றால் போகட்டும். ஆனால் கடப்பாறை எடுப்பதற்கு முதல் நாள் இரவு, குடும்பத்தார் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் இரண்டு ஜாபிதா எழுதுங்கள். எவை போக வேண்டும் என்பது ஒன்று. எவை இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தை ஒரு மேஸ்திரியிடம் காட்டி, அவரை முதலில் பரண்மேல் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் இறங்கி வந்து என்ன சொல்கிறாரோ, அதற்குப் பிறகு சம்மட்டி வாங்கினால் போதும்.